முன்பே வகுத்த வழி

தென்பெண்ணையாற்றின் நீரைப் பங்காரு வாய்க்கால் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குக் கொண்டு சேர்க்கிறது. ஏரியின் மதகுகளைக் கடந்த நீர், கிளை வாய்க்கால்களில் பிரிந்து வயல்களை அடைகிறது. எந்த வாய்க்கால் எங்கே பிரிய வேண்டும் என்பதை நீர் வரும் நாளில் எவரும் முடிவு செய்வதில்லை. நீர் மிகினும் குறையினும் முன்பே வெட்டிய வழி மாறுவதில்லை. கணினி அறிவியலிலும், தரவு வந்து சேருமுன்பே வேலையின் வழியை முற்றிலுமாக வகுத்துவிடும் முறை ஒன்று உண்டு. அது ‘தரவறியா வரிசையாக்கம்’ எனப்படும்.

வழக்கமான முறை

வில்லியனூரில் உள்ள பள்ளி ஒன்றில் மாணவர்களை உயர வரிசையில் நிறுத்துவதாகக் கொள்க. புதிதாக வரும் மாணவர், வரிசையின் கடைசியில் இருப்பவரோடு தம் உயரத்தை ஒப்பிடுவார். தாம் குட்டையானவராயின் அடுத்தவரிடம் செல்வார். இல்லையெனில் அங்கேயே நிற்பார். இம்முறையில் ஓர் ஒப்பீட்டின் விடை தெரிந்த பின்னரே அடுத்த ஒப்பீடு எது என்பது தெரியும். ஆகவே, உதவிக்குப் பல ஆசிரியர்கள் இருந்தாலும் பெரும்பாலோர் காத்திருக்கவே நேரும்.

வரிசையாக்க வலை

இனி, நான்கு இடங்களில் முறையே 160, 148, 155, 142 செ.மீ. உயரமுள்ள நால்வர் நிற்கட்டும். பின்வரும் மூன்று படிகளை முன்பே எழுதி வைத்துவிடலாம். முதற்படியில் 1, 2 ஆம் இடங்களும், அதே நேரத்தில் 3, 4 ஆம் இடங்களும் ஒப்பிடப்படும். இரண்டாம் படியில் 1, 3 ஆம் இடங்களும் 2, 4 ஆம் இடங்களும் ஒப்பிடப்படும். மூன்றாம் படியில் 2, 3 ஆம் இடங்கள் ஒப்பிடப்படும். ஒவ்வோர் இணையிலும் குட்டையானவர் சிறிய எண்ணுள்ள இடத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

முதற்படிக்குப் பின் வரிசை 148, 160, 142, 155 என்றாகும். இரண்டாம் படி அதனை 142, 155, 148, 160 என மாற்றும். மூன்றாம் படியில் 142, 148, 155, 160 என்னும் முறையான வரிசை கிடைக்கும். எந்த நால்வர் வந்து நின்றாலும் இவ்வைந்து ஒப்பீடுகளே போதும். உயரங்கள் ஒப்பிடப்படுகின்றன; எனினும் எந்த இடங்களை ஒப்பிடுவது என்பதை அவ்வுயரங்கள் மாற்றுவதில்லை. இத்தகைய அமைப்பே ‘வரிசையாக்க வலை’ ஆகும்.

சரிபார்க்கும் வழி

ஒரு வலை எல்லாத் தரவுக்கும் சரியாக இயங்குமா என்பதை அறிய, எல்லா வரிசைகளையும் இட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 0, 1 ஆகிய இரண்டு மதிப்புகளால் மட்டுமே ஆன எல்லா உள்ளீடுகளையும் அது வரிசைப்படுத்துமானால், எந்த எண்களையும் வரிசைப்படுத்தும். 16 பொருள்களை ஏறத்தாழ 21 லட்சம் கோடி விதமாக அடுக்கலாம். ஆனால் சோதிக்க வேண்டிய 0, 1 உள்ளீடுகள் 65,536 மட்டுமே.

விரைவும் விலையும்

1968 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் கென்னத் பாட்சர், பெரிய வலைகளைச் சிறிய வலைகளிலிருந்து கட்டும் முறைகளை வெளியிட்டார். அவர் முறைப்படி 1,024 பதிவுகளை 55 படிகளில் வரிசைப்படுத்தலாம். ஒரு படியில் உள்ள ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை. ஆதலால் அவை ஒரே நேரத்தில் நிகழலாம். பல செயலிகள் இணைந்து உழைக்கும் இன்றைய வரைகலைச் செயலிகளுக்கு இப்பண்பு பெரிதும் பொருந்துகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 16 பொருள்களை வரிசைப்படுத்தப் பாட்சரின் வலைக்கு 63 ஒப்பீடுகள் தேவை. வழக்கமான இணைப்பு வரிசையாக்கத்திற்கு அதிக அளவாக 49 போதும். ஆயினும் வலையின் 63 ஒப்பீடுகளும் 10 படிகளில் முடிந்துவிடுகின்றன.

மறை காக்கும் வலை

விரைவினும் அரிய பயன் ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவுகள், மறையாக்கம் செய்யப்பட்டுத் தொலைவிலுள்ள பிறர் கணினியில் இருப்பதாகக் கொள்க. வரிசைப்படுத்தும் வேலை, பூட்டிய அறை போன்ற பாதுகாப்பான பகுதியில் நிகழ்கிறது. அறைக்குள் நிகழ்வது வெளியே தெரியாது. ஆனால் எந்த இடத்துப் பதிவு எப்போது உள்ளே சென்றது என்பதை வாயிலில் நிற்பவர் காண இயலும். வழக்கமான முறையில் அவ்வரிசை தரவைப் பொறுத்து மாறும். எனவே, ஒரு பதிவையும் திறவாமலே யாருடைய நோய் கடியது, யாருடைய வயது மிகுதி என்பனவற்றை அவர் உய்த்துணர முடியும்.

வரிசையாக்க வலையிலோ, நோயாளர் எவராயினும் இடங்கள் தொடப்படும் முறை ஒன்றே. இடம் மாறினாலும் மாறாவிட்டாலும், இரு பதிவுகளும் புதிதாக மறையாக்கம் செய்யப்பட்டுத் திரும்ப எழுதப்படும். பதிவுகளின் எண்ணிக்கையன்றி வேறெதையும் அவ்வரிசையிலிருந்து காண்பவர் அறிய இயலாது. 16 நோயாளரின் பதிவுகளை வரிசைப்படுத்துகையில் கூடுதலாகச் செய்யப்படும் 14 ஒப்பீடுகள் வீணல்ல. அந்நோயாளரின் மறையைக் காப்பதற்குக் கணினி செலுத்தும் விலை அது.