கடைசி முடுக்கு

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 டாலருக்குள் புத்தம்புது மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட முடியும். அதே வகை ஜப்பானிய வண்டியின் விலையில் இது பாதிகூட வராது. ஷோரூம் கிடையாது, சாவியை நீட்டும் விற்பனையாளர் கிடையாது. சீனாவில் தயாரான வண்டி, கோண இரும்புச் சட்டத்துக்குள் அட்டை போர்த்திக் கப்பலேறுகிறது. கடைசியில் ஒரு சரக்கு லாரி அதை வாங்கியவரின் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. அட்டையைப் பிரித்தால் முன்சக்கரம், ஹேண்டில்பார், மட்கார்டு, பேட்டரி, கண்ணாடிகள் எல்லாம் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கும். கூடவே வளைந்த கிளட்ச் லீவரோ, நசுங்கிய டேங்க்கோ இருப்பதும் அபூர்வமில்லை. வாங்கியவரின் முகம் சுருங்கும். ஆனால் அந்த நசுங்கல் அவருக்குப் பெரிய கெடுதல் செய்துவிடவில்லை. கீறல்கூட இல்லாமல் வந்து சேரும் வண்டிதான் அதிக ஆபத்தானது என்பது என் கட்சி.

காரணம் எளிது. ஒரு மோட்டார் சைக்கிளின் உற்பத்தி தொழிற்சாலைக் கதவோடு முடிவதில்லை. கோப்பது, சோதிப்பது, ஓட்டிப் பார்ப்பது என்று ஒரு கடைசிக் கட்டம் மிச்சமிருக்கிறது. நம் ஊரில் அதை ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில், வண்டியை ஒப்படைக்கும் முன் மெக்கானிக் ஒருவர் செய்து முடிக்கிறார். மாலை போட்ட வண்டியை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். பெட்டியில் வரும் வண்டிக்கு அந்த மெக்கானிக் இல்லை. விலை குறைந்ததற்கு அவருடைய கூலி இல்லாததும் ஒரு காரணம். வேலை எங்கும் போய்விடவில்லை, வாங்கியவர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சேதத்தோடு வந்த வண்டியைக் கண்டதும் சந்தேகம் வருகிறது. சந்தேகம் வந்தவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறார். பளபளவென்று வந்த வண்டியில் நான்கு நட்டுகளை முடுக்கி, பெட்ரோல் ஊற்றிக் கிளம்பிவிடத் தோன்றும்.

சேதத்தைப் பார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலாவது காகிதம். அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டும் சரக்கு வழியில் கெட்டால் அதைச் சுமந்து வந்தவரே பொறுப்பு என்கிறது 1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தச் சட்டம். இழப்பீடு கேட்க ஒன்பது மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஆனால் ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்திட்டுவிட்டால் வழக்கு பலவீனப்படும். பெட்டியைப் பிரித்த பிறகு தெரியவரும் சேதத்தைப் பொதுவாக ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பிந்தினால், அது வழியில்தான் நேர்ந்தது என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழும். ஆகவே லாரிக்காரர் நிற்கும்போதே அட்டையில் கிழிசல், சட்டத்தில் வளைவு எல்லாவற்றையும் படம் எடுத்து ரசீதிலும் எழுதிவிடுவது நல்லது. இரண்டாவது, எந்தச் சேதம் அழகைக் கெடுத்தது, எது உயிரைக் கெடுக்கும் என்று பிரிப்பது. டேங்க்கில் விழுந்த குழி, பற்றவைத்த விளிம்பில் விரிசலோ கசிவோ இல்லாதவரை வெறும் வடு. வளைந்த லீவர் அப்படியல்ல. அது வார்ப்பு அலுமினியம். நிமிர்த்தினால் நிமிர்ந்தது போலத் தோன்றி, அவசரத்துக்குப் பிடிக்கும்போது முறியும். அதை மாற்ற வேண்டும். சேஸிஸ் வளைந்திருந்தால் பேச்சே இல்லை, வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஏமாற்றும் சேதம் ஒன்று இருக்கிறது. பல பெட்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் கால்களை நேராகச் சட்டத்தோடு பிணைத்திருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கம் இடித்தால் அந்த விசை அந்தக் கால்களுக்குத்தான் போகும். பிறகு சக்கரத்தை மாட்டினால், வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் குழாய்கள் கிளாம்புக்குள் சற்றே முறுகியிருக்கும். ஆக்சிலையும் கீழ்க் கிளாம்பையும் தளர்த்தி, நேராக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து முறை அமுக்கிவிட்டால் குழாய்கள் தாமாக இடத்துக்கு வரும்; அப்புறம்தான் முடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் குழாயைக் கழற்றிச் சமமான கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இந்த 'முடுக்குதல்' என்ற காரியத்தில்தான் மொத்த இயந்திரவியலின் விநோதம் ஒளிந்திருக்கிறது. போல்ட்டு என்பது இரண்டு பொருள்களைக் கோக்கும் ஆணி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருக, போல்ட்டு மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்பே இரண்டு பாகங்களையும் நெரித்துப் பிடிக்கிறது. நாடாக் கட்டிலில் நாடா எவ்வளவு கனம் என்பதைவிட எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறது என்பதுதான் படுப்பவரைத் தாங்குகிறது. போல்ட்டின் கணக்கும் அதேதான். சாதாரண 8 மி.மீ. போல்ட்டு ஒன்றைக் கால் மீட்டர் நீள ஸ்பேனரால் பத்து கிலோ விசையோடு இழுத்தால், உள்ளே உருவாகும் பிடி ஏறத்தாழ ஒன்றரை டன். இந்தப் பிடி, வண்டி அதிரும்போது வரும் விசைகளைவிட அதிகமாக இருக்கும்வரை பாகங்கள் அசையாது, போல்ட்டும் களைக்காது. பிடி குறைந்தால் பாகங்கள் உரசத் தொடங்கும். போல்ட்டு ஒவ்வொரு அதிர்விலும் இழுபட்டுத் தளர்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறும். பலரும் அதிகம் முடுக்கியதால் அறுந்தது என்று நினைக்கும் போல்ட்டுகளில் நிறைய, குறைவாக முடுக்கியதால் அறுந்தவை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. பாதி, நட்டுக்கு அடியில் உராய்ந்தே தீர்ந்துவிடுகிறது. மீதி புரிகளுக்குள் போகிறது. அதனால் புரியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் கணக்கு தலைகீழ்: உராய்வு குறைந்து, அதே முறுக்கில் போல்ட்டு கணிசமாக அதிகம் இழுபடும். உலர்ந்த புரிக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய புரிக்குப் பயன்படுத்துவது ஆபத்து. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் வரை அறாமல் தாங்கும், அதில் 80 விழுக்காட்டில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். தலையில் எதுவும் பொறிக்காத போல்ட்டு பிரேக் காலிப்பரிலோ ஆக்சிலிலோ இருந்தால் அதை நம்பாமல் மாற்றிவிடுவதே உத்தமம்.

தொழிற்சாலையிலேயே கோத்த பாகங்களை மறுபடி ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பெயின்ட்டில் இருக்கிறது. வாசருக்கு அடியில் பூச்சு இருந்தால் நாள்பட அது நசுங்கும். நசுங்கிய அளவு நூலிழைதான் என்றாலும், போல்ட்டு நீண்டிருந்த அளவும் அதே நூலிழை என்பதால் பிடியில் பெரும்பகுதி போய்விடும். அதன்மேல் வாரக்கணக்கில் கப்பல் அதிர்வு, லாரிக் குலுக்கல். தொழிற்சாலை சரியாகவே முடுக்கியிருந்தாலும் வந்து சேரும்போது அது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகளும் இப்படியே தளரும். ஸ்பேனரால் தட்டிப் பார்த்தால் தளர்ந்த கம்பி மந்தமாக ஒலித்துக் காட்டிக்கொடுக்கும்.

மலிவு வண்டி எப்படிக் கோத்தாலும் குப்பைதானே என்பது அடுத்த வாதம். இது பாதி உண்மைகூட இல்லை. இந்த வண்டிகள் பலவற்றின் எஞ்சினுக்கு மூதாதை 1976இல் வந்த ஹோண்டா சிஜி125. ஆயில் மாற்றாமல், செயினைக் கவனிக்காமல் ஓட்டும் ஆசிய நாடுகளின் வழக்கத்தை நேரில் கண்ட ஹோண்டா பொறியாளர்கள், மேலே இருந்த கேம்ஷாஃப்ட்டைக் கீழே இறக்கி, தள்ளுதண்டுகளால் வால்வுகளை இயக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். இரண்டு வால்வுகளுக்கும் கேமில் ஒரே மேடு. பராமரிப்பே இல்லாவிட்டாலும் பிழைக்க வேண்டும் என்று பிறந்த எஞ்சின் அது. அந்த வம்சத்தை எஞ்சினில் பொறித்த எழுத்திலேயே படிக்கலாம்: 167எஃப்எம்எம் என்றால் ஒரு சிலிண்டர், 67 மி.மீ. துளை, காற்றால் குளிர்வது, மோட்டார் சைக்கிளுக்கானது, 250 வகுப்பு. துளையையும் 65 மி.மீ. ஸ்ட்ரோக்கையும் வைத்துக் கன அளவைக் கணக்கிட்டால் வருவது 229 சிசிதான் என்பது தனி வேடிக்கை. வடிவமைப்பு தேறியது, மலிவு காட்டுவது போல்ட்டுகள், செயின், கோக்கும் கவனம் ஆகியவற்றில்தான். இவை எல்லாமே வாங்கியவர் சரிசெய்யக் கூடியவை.

எல்லாருக்கும் இது கைவராது, மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்பது நல்ல யோசனை. பிரேக்கில் காற்று வெளியேற்றத் தெரியாதவர் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே பல பட்டறைகள் பெயர் தெரியாத வண்டிகளைத் தொட மறுக்கின்றன. தொட்டாலும் மணிக்கணக்குக் கூலி, மிச்சம் பிடித்த காசைத் தின்றுவிடும். அதைவிடச் சுலபம், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு பொறுமையாக உட்காருவது. நம்மவர்களுக்கு இந்தப் பெட்டி வருவதில்லை என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்ளவும் இடமில்லை. ஷோரூம் வண்டியின் பெயின்ட்டும் நசுங்கத்தான் செய்கிறது. முதல் இலவச சர்வீஸில் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லியிருப்பது அதனால்தான். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அந்த சர்வீஸைத் தவறவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கண்ணாடியில் விழுந்த கீறலுக்காக ஷோரூமில் சண்டை போடுகிறவர், கண்ணுக்குத் தெரியாத ஆக்சில் நட்டைப் பற்றியும் அதே கறாரோடு ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டால் போதும்.