காதுக்கும் தோளுக்கும் நடுவே நாலு விரல்

புதிதாக வில் பிடிக்கும் பிள்ளையின் அம்பு எங்கே குத்துகிறது என்று முதல் மாதம் நான் பார்ப்பதே இல்லை. இடது காது மடலைத்தான் பார்ப்பேன். மடலுக்கும் தோளுக்கும் நடுவே நாலு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். நாண் பின்னால் வர வர அந்த இடம் மூன்று விரலாகி, இரண்டாகி, கடைசியில் தோள் காதைத் தொட வந்துவிட்டால், “கண்ணு, மெதுவா முன்னால கொண்டு வா. அம்பை எடுத்துடு” என்பேன்.

திருமுல்லைவாயிலில் ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் பயிற்சி. ஏழெட்டுப் பிள்ளைகள், மதிலை ஒட்டி இரண்டு டார்கெட், 10 மீட்டர் தூரம். மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற பெரியவர்கள் சிலர் கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். நான் 30 வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் வேலை பார்த்தவன். லேத்தில் ஒரு தண்டைக் கடைய வேண்டுமானால் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டெயில்ஸ்டாக் துளி விலகினாலும் தண்டு ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து டேப்பர் அடித்துவிடும். வில் பிடிப்பவனின் உடம்பிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. இடது மணிக்கட்டு, இடது தோள், வலது தோள். இந்த மூன்றும் ஒரு நூலில் நின்றால் எலும்பே வில்லின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். விலகினால் அந்தப் பாரம் தசை மேல் விழும். தசை களைத்துப் போகும். களைத்த தசை ஒரு தடவை செய்ததை மறு தடவை செய்யாது.

ஒலிம்பிக்கில் தூரம் 70 மீட்டர், டார்கெட் தாளின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். அம்பு கிளம்பும்போது ஒரே ஒரு டிகிரி கோணம் தவறினால் 70 மீட்டரில் அது கிட்டத்தட்ட அதே 122 சென்டிமீட்டர் விலகிப் போகும். நடுவைக் குறிவைத்தவனின் அம்பு தாளிலேயே படாது. எங்கள் 10 மீட்டரில் அதே தவறு 17 சென்டிமீட்டர்தான். அதனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது தவறாகவே தெரிவதில்லை. நான் பதறுவது அதற்குத்தான்.

தோள் ஏன் ஏறுகிறது? காரணம் பல இருக்கலாம். நாண் முன்கையில் அடித்து ஒரு தடவை கன்றிப்போன பிள்ளை, அடுத்த அம்புக்கு முன்பே தோளைச் சுருக்கிக்கொள்ளும். டார்கெட் உயரத்தில் இருந்தால் இடுப்பிலிருந்து சாயாமல் கையை மட்டும் தூக்கும். ஆனால் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: வில் பாரம் அதிகம். அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தாமாகக் கேட்டு வாங்குவதில்லை. நாம் கொடுக்கிறோம்.

நான் கொடுத்தேன். என் மகள் எட்டாவது படிக்கும்போது வில் வேண்டும் என்றாள். ரிகர்வ் வில்லில் நடுப்பிடி தனி, மேலும் கீழும் மாட்டும் லிம்ப் தனி. வில்லின் பாரம் லிம்பில்தான் இருக்கிறது. கடையில் 16 பவுண்டு லிம்பும் இருந்தது, 30-ம் இருந்தது. ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது, வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடு என்போமே, அதே கணக்கில் 30 வாங்கினேன். 30 பவுண்டு என்பது நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. அவள் கைக்கு 26 அங்குலம்தான் வரும். அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறைத்தாலும் 26 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 12 கிலோ. ஒரு அம்புக்கு அவ்வளவு. தினம் 50 அம்பு விட்டாள். தோளைக் காதுவரை ஏற்றி, முதுகைப் பின்னால் வளைத்து, எப்படியோ இழுத்தாள். “பரவாயில்லையே, என் பொண்ணு முப்பது பவுண்டு இழுக்குறா” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன். நாலாவது மாதம் ஒரு காலை, தலை பின்னக் கையைத் தூக்க முடியாமல் அவள் அம்மாவிடம் போய் அழுதாள்.

அம்பத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா பொறுமையாக விளக்கினார். இடுப்பு மூட்டு உரல் குழிக்குள் உட்கார்ந்த குழவி மாதிரி, சுலபத்தில் நழுவாது. தோள் மூட்டு சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. எல்லாப் பக்கமும் சுழல்வதற்காக அப்படி அமைந்திருக்கிறது. அந்தப் பழம் உருண்டு விழாமல் நாலு சின்னத் தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்றின் தசைநார் தோளின் உச்சி எலும்புக்கு அடியில், குறுகலான சந்து வழியாகப் போகிறது. பாரத்தோடு தோளை ஏற்றி ஏற்றி இறக்கினால் அந்தச் சந்தில் தசைநார் உரசி வீங்கும். “ஆறு வாரம் வில்லைத் தொடக் கூடாது சார்” என்றார். என் மகள் என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். பாரமான வில்தான் வீரம் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஜனகர் வீட்டு வில்லை வந்த அரசர்கள் யாராலும் தூக்க முடியவில்லை என்பதுதானே கதை. கொல்லிமலை ஓரிக்குப் பேரே வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இப்போது வருகிற பிள்ளைகள் ‘பாகுபலி’ இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் மூன்று அம்பு விடச் சொல்லித் தரச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் விரலை எங்கே வைப்பது என்று பேச்சு வரும். தோளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

சரி, ஏறின தோளை எப்படி இறக்குவது? “தோளை இறக்கு, தோளை இறக்கு” என்று கத்தினால் இறங்காது. நாண் பாதி வந்த பிறகு தோளை நகர்த்த எந்தப் பிள்ளைக்கும் பலம் கிடையாது. வில்லைத் தூக்கும் முன்பே தோள் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் நான் முதலில் வில்லை வாங்கி வைத்துவிடுவேன். மதிலுக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, இடது உள்ளங்கையைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றச் சொல்வேன். “பீரோவைத் தள்ளுற மாதிரி தள்ளு.” வேண்டுமென்றே தோளைக் காதுக்கு ஏற்றிவிட்டுத் தள்ளச் சொல்வேன், பிறகு இறக்கிவிட்டு. வித்தியாசம் தானாகவே புரிந்துவிடும். ஏற்றினால் கழுத்து வலிக்கும். இறக்கினால் பலம் அக்குளுக்குக் கீழிருந்து வரும்.

அடுத்தது முழங்கை. கையை நீட்டியபடி முழங்கையை மடக்கினால் முன்கை மார்புக்கு நேராக வர வேண்டும். மூஞ்சிக்கு வந்தால் முழங்கை திரும்பவில்லை என்று பொருள். அப்படி இருந்தால் நாண் அடிக்கும், அடித்தால் பயம், பயத்தில் தோள் மறுபடி ஏறும். ஆர்ம் கார்டு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நான் நிறுத்துவதில்லை.

அதன் பிறகு ரப்பர் பேண்ட். பிசியோதெரபிக்குப் பயன்படுத்துகிற அகலமான பேண்ட்தான். அம்பு இல்லாமல் வில்லின் நாணை இழுத்து விட்டால் லிம்ப் உடைந்து கண்ணில் தெறிக்கலாம். பேண்டில் அந்த ஆபத்து இல்லை, நூறு தடவை இழுக்கலாம். வலது பக்கத்து வேலையை இதில்தான் கற்றுக்கொடுப்பேன். பெரும்பாலான பிள்ளைகள் புஜத்தால் இழுப்பார்கள், வலது தோள் கூன் விழுந்த மாதிரி மேலே வரும். இழுக்க வேண்டியது முதுகு. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஒரு விரலை வைத்து, “இந்த விரலை நசுக்கு பார்ப்போம்” என்பேன். தொடும் முன் கேட்டுக்கொள்வேன். பெண் பிள்ளை என்றால் அம்மாவை விரல் வைக்கச் சொல்வேன். அம்மாக்கள் என்னைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

முதுகுதான் இழுக்கிறது என்று நம்பாத பிள்ளைகளுக்கு ஷீத்தல் தேவியைக் காட்டுவேன். ஜம்மு காஷ்மீரில் கிஷ்த்வார் மாவட்டத்துப் பெண். பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. வலது காலால் வில்லைப் பிடித்து, வலது தோளால் நாணை இழுத்து, தாடையின் பலத்தால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியபோது வயது 17. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு ஒரு பிள்ளையும் “கை வலிக்குது சார்” என்று சொன்னதில்லை. “முதுகு வலிக்குது சார்” என்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருக்கும்.

போன மாதம் ஆறாவது படிக்கும் பையன் ஒருவன் 20 பவுண்டு வில்லோடு வந்தான். இரண்டாவது அம்பிலேயே தோள் காதுக்குப் போய்விட்டது. லிம்பைக் கழற்றிவிட்டு 14 பவுண்டு மாட்டிக் கொடுத்தேன். அவன் அப்பா முகம் வாடிவிட்டது. “குறைச்சுட்டீங்களே மாஸ்டர், திரும்ப எப்போ ஏத்துவீங்க?” என்றார். இந்த வில்லில் 60 அம்பு விட்டு, அறுபதாவது அம்பிலும் நாலு விரல் இடம் இருந்தால் ஏற்றலாம் என்றேன். என் மகள் கதையையும் சொன்னேன். அன்று 18-வது அம்பில் தோள் ஏறியது. அடுத்த ஞாயிறு 25. இப்போதெல்லாம் அந்த அப்பாவே பக்கத்தில் நின்று காதைப் பார்த்து எண்ணுகிறார். போன ஞாயிறு 42.