இரண்டு டயருக்கு மூன்று வேலை! - பவர்ஃபுல் கார் வைத்திருப்பவர்கள் டயரில் என்ன பார்க்க வேண்டும்?

திருப்பூரில் துணியை விரல் நுனியில் உருட்டிப் பார்த்தே ஜி.எஸ்.எம் சொல்லிவிடுபவர்கள் ஏராளம். சாயம் நிற்குமா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எந்த மில் நூல் என்று பத்துக் கேள்வி கேட்காமல் ஒரு ரோல் துணி கட்டிங் டேபிளுக்கு ஏறாது. அதே ஊரில் காருக்கு டயர் மாற்றப் போகும்போது மட்டும் கேள்விகள் இரண்டாகக் குறைந்துவிடும். 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எவ்வளவு குறைப்பீங்க?'

எஞ்சின் சின்னதாக இருந்த காலத்தில் இந்த இரண்டு கேள்விகளே போதும். 1983-ல் வந்த மாருதி 800, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதன் எஞ்சின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன்தான். இன்று அதே முன்சக்கர இழுவையில் ஹூண்டாய் வெர்னா டர்போ 160 பி.எஸ்., ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி 150 பி.எஸ்., எலெக்ட்ரிக் காரான பி.ஒய்.டி ஆட்டோ 3 204 பி.எஸ். என்று சக்தி எகிறிவிட்டது. 2025-ல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ 265 பி.எஸ்.! அவ்வளவையும் முன்னால் இருக்கும் இரண்டே டயர்கள்தான் சாலையில் இறக்க வேண்டும்.

'நம்மகிட்ட இருக்கறது இன்னோவாதானே' என்று நினைப்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பழைய இன்னோவாவும் கிரிஸ்டாவும் பின்சக்கர இழுவை. 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர இழுவை. அதன் ஹைபிரிட் மாடலின் சக்தி 186 பி.எஸ். பெயர் அதேதான், வண்டியை நகர்த்தும் சக்கரம் மாறிவிட்டது.

உள்ளங்கை அளவு ரப்பர்

ஒரு கார் டயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எந்த நேரத்திலும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பின்சக்கர இழுவைக் காரில் வேலை பிரிந்திருக்கும். பின்டயர் தள்ளும், முன்டயர் திருப்பும். முன்சக்கர இழுவையில் இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பகுதியைத் தாங்குவது என மூன்று வேலையும் முன்டயர்களுக்கே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கார் நிற்கும்போது எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் 60 சதவிகிதம் வரை முன்சக்கரங்கள் மேல் இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எடை பின்னால் சாய்கிறது. டயருக்கு அதிகப் பிடிப்பு தேவைப்படும் அதே நொடியில் அதன் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. டிக்கி நிறைய லக்கேஜ், பின்சீட்டில் மூன்று பேர், கூடவே மேடு என்றால் முன்பக்கம் இன்னும் லேசாகிவிடும். மைசூரு போகும் வழியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது உள்பக்க முன்டயர் 'கீச்' என்று கத்துவதற்குக் காரணம் இதுதான்.

'டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், அது புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது. டயரிடம் எவ்வளவு பிடிப்பு இருக்கிறதோ, அதற்குள் எஞ்சினை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். டயர் மோசமாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய 150 குதிரைகளில் பாதியைக் கட்டிப்போடுவதே அதன் வேலையாகிவிடும். எலெக்ட்ரிக் கார்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எடை அதிகம், மிதித்த நொடியே முழு இழுவையும் வந்துவிடும். முன்டயர் சீக்கிரம் தேய்வதில் ஆச்சர்யமில்லை.

ஈரத்தில் நிற்குமா?

காய்ந்த சாலையில் சுமாரான டயர்கூடச் சமாளித்துவிடும். ரேஸ் கார்களின் 'ஸ்லிக்' டயரில் பட்டனே கிடையாது. ஆனாலும் காய்ந்த டிராக்கில் அதுதான் அட்டைபோல ஒட்டும். அப்படியானால் நம் டயருக்குப் பட்டன் எதற்கு? முக்கியமாக, தண்ணீரை வெளியேற்றுவதற்கு. வேகத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் தண்ணீரைப் பட்டனின் கால்வாய்கள் வெளியே தள்ளாவிட்டால், டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான்.

திருப்பூர்ப் பக்கம் மாதக்கணக்கில் வெயில் காய்ந்துவிட்டு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். அவிநாசி வழியாகப் போகும் சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் சிந்திய எண்ணெயும் டயர்த் தூளும் புழுதியும் படிந்திருக்கும். முதல் மழையில் அவையெல்லாம் சேர்ந்து வழவழப்பான ஒரு படலமாகிவிடும். ஆறு வழிச்சாலையில் நூறைத் தொட்டுப் பழகிய கால், அன்றும் அதே வேகத்தில் போனால் என்ன ஆகும்? அதனால்தான், சக்திவாய்ந்த முன்சக்கர இழுவைக் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்பதாக இருக்கக் கூடாது. 'ஈரத்தில் எப்படி நிற்கும்?' என்பதாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் இடையே ஓரளவு இழுபறி உண்டு. பொதுவாக, மிருதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும்; சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கலாம். பல டயர்களின் பக்கவாட்டில் 'ட்ரெட்வேர்' என்ற சொல்லோடு ஓர் எண் இருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும் என்று அர்த்தம். அதன் பக்கத்தில் இருக்கும் 'டிராக்‌ஷன்' எழுத்து ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடிக்கும் திறனைக் குறிக்கும். ஏஏ முதல் தரம். அடுத்து ஏ, பி, சி.

இந்தியாவிலும் கார் டயர்களுக்கு ஈரப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரம் கட்டாயம் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால், பாஸ் மார்க் வாங்கிய எல்லோரும் முதல் ரேங்க் அல்லவே! எந்த டயர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்கு 'ஏ' முதல் 'இ' வரை கிரேடு உண்டு. ஒரே டயர் மாடலிலும் சைஸுக்குத் தகுந்தபடி கிரேடு மாறும் என்பதால், உங்கள் சைஸுக்கு உரியதைத்தான் பார்க்க வேண்டும்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் எல்லாமே எழுதியிருக்கிறது. வெர்னா டர்போ, விர்ட்டஸ் ஜி.டி இரண்டிலும் இருக்கும் சைஸை எடுத்துக்கொள்வோம்: 205/55 ஆர்16 91வி. அகலம் 205 மி.மீ. பக்கவாட்டு உயரம், அகலத்தில் 55 சதவிகிதம். 'ஆர்' என்றால் ரேடியல். ரிம் 16 அங்குலம். 91 என்பது எடை தாங்கும் எண். ஒரு டயருக்கு 615 கிலோ. 'வி' என்றால் மணிக்கு 240 கி.மீ வரை தாங்கும் கட்டுமானம். 'டி' என்றால் 190, 'ஹெச்' என்றால் 210. அந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். வெப்பத்தைத் தாங்கும் திறனும் இதில் அடங்கியிருக்கிறது. கம்பெனி கொடுத்த எடை எண்ணையும் வேக எழுத்தையும்விடக் குறைந்ததை, விலை குறைவு என்று சொன்னாலும் வாங்கக் கூடாது.

துணிக்கு லாட் நம்பர்போல, டயருக்கும் உண்டு. 'டி.ஓ.டி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2325 என்றால், 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். பில் போடும் முன் நான்கு டயரிலும் இதைப் பார்த்துவிடுங்கள். தள்ளுபடி அதிகமாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

அகல டயர் ஆசை

அலாய் வீலைப் பெரிதாக்கி, டயரை அகலமாக்கினால் கார் கெத்தாகத் தெரியும். கணக்கு என்ன சொல்கிறது? 205/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 632 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634 மி.மீ. உயரம் பொருந்துகிறது, ஸ்பீடோமீட்டரும் பெரிதாக மாறாது. ஆனால் ரிம்மைக் காக்கும் பக்கவாட்டு ரப்பர் 113-லிருந்து 101 மி.மீட்டராகக் குறைந்துவிடும். 225/40 ஆர்18 என்றால் 90 மி.மீதான்.

பனியன் ஊருக்குப் பழக்கமான நூல், டயருக்குள்ளும் இருக்கிறது. ரேடியல் கார் டயரின் உடம்பு பெரும்பாலும் பாலியஸ்டர் இழைகளால் ஆனது. அதன் மேல் எஃகு பெல்ட். பல டயர்களில் அதற்கும் மேல் ஒரு நைலான் அடுக்கு. நூல் லோடு லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான சாலையில், தாழ்ந்த டயர் வேகமாக ஒரு குழியில் இறங்கினால், ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்ளே அந்த இழை அறுந்துவிடும். வெளியே முட்டைபோல ஒரு வீக்கம் தெரியும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, டயரை மாற்றுவதுதான் வழி.

அகலம் கூடுவதால் இன்னும் இரண்டு நஷ்டங்கள். ஒரே எடை அதிக அகலத்தில் பரவுவதால், அகலமான டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். இரண்டாவது, ஸ்டீயரிங் இழுப்பு. பவர்ஃபுல் முன்சக்கர இழுவைக் காரில் சட்டென்று மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதை 'டார்க் ஸ்டியர்' என்பார்கள். ஆஃப்செட் பொருந்தாத அகல ரிம்மைப் போட்டால் அந்த இழுப்பு அதிகமாகும். கம்பெனி சைஸிலேயே நல்ல டயர் போடுவது, பெரிய சைஸில் சுமாரான டயர் போடுவதைவிடப் பல மடங்கு மேல்.

புது டயர் முன்னாலா, பின்னாலா?

முன்டயர் சீக்கிரம் தேய்வதால் பலரும் இரண்டு டயர் மட்டும் வாங்கி, முன்னால் மாட்டிவிடுவார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால், டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறு: புது டயர் பின்னால்!

காரணம் எளிது. ஈரத்தில் முன்டயர் பிடிப்பை இழந்தால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்டயர் பிடிப்பை இழந்தால் காரின் பின்பக்கம் வீசிக்கொண்டு சுழலும். அதை அடக்கும் பயிற்சி சாதாரண ஓட்டுநர்கள் பலருக்கும் கிடையாது. பயத்தில் சட்டென்று காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்னால் புது டயரும் பின்னால் மொட்டை டயரும் உள்ள கார், மழை நாளில் குடும்பத்தோடு போகத் தகுந்த கார் அல்ல.

இந்தக் குழப்பமே வராமலிருக்க வழி, 8,000 முதல் 10,000 கி.மீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுவது. முன்டயர்கள் அதே பக்கத்தில் பின்னால் போகும். பின்டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும். ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றாமல், முன்பின் மட்டும் மாற்ற வேண்டும். நான்கும் ஒன்றாகத் தேய்ந்தால், நான்கையும் ஒன்றாக மாற்றலாம்.

கடைக்குப் போகும்போது

* சைஸ், எடை எண், வேக எழுத்து மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பக்கம் இருக்கும். பல கார்களில் அதிலேயே சைஸும் இருக்கும்.

* உங்கள் ஓட்டத்தைச் சொல்லுங்கள். தினமும் கோவைக்கு நெடுஞ்சாலை ஓட்டமா, ஊருக்குள் பேக்டரிக்கும் வீட்டுக்குமா, மாதம் ஒருமுறை ஊட்டி, வால்பாறையா? அமைதியான பயணத்துக்கான டூரிங் டயரா, வளைவில் இறுக்கிப் பிடிக்கும் பெர்ஃபார்மன்ஸ் டயரா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

* ஒரே ஆக்சிலில் இரண்டு கம்பெனி டயர் வேண்டாம். முடிந்தால் நான்கும் ஒரே மாடல்.

* டயர் மாட்டியதும் பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டும் செய்துவிடுங்கள். அலைன்மென்ட் தவறினால் முன்டயரின் ஓரம் மட்டும் தின்னப்பட்டுவிடும்.

* காற்றை, வண்டி சூடாகும் முன் காலையில் பாருங்கள். டயரில் எழுதியிருப்பது உச்சவரம்பு. போட வேண்டியது ஸ்டிக்கரில் இருக்கும் அளவு. முழு லோடுக்குத் தனி அளவும் அங்கேயே இருக்கும். நைட்ரஜன் இல்லையே என்று கவலை வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்.

* சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. கால்வாய்க்குள் இருக்கும் சிறு மேட்டின் அளவுக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆனால், மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீட்டரில் மாற்றிவிடுவது நல்லது.

* முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது டயரை மிரட்டாதீர்கள். மேலே இருக்கும் வழவழப்பு போன பிறகுதான் அது தன் முழுப் பிடிப்பைக் காட்டும்.

நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள விலை வித்தியாசம், பம்பர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியாது. மழையில் முன்னால் போகும் லாரி சட்டென்று பிரேக் அடிக்கும்போது, நம் கார் அதற்கு இரண்டு அடி முன்னால் நிற்குமா, இரண்டு அடி தாண்டி நிற்குமா என்பதைத்தான் அந்த வித்தியாசம் முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்கி, நான்கு டயரின் பட்டனையும் தேதியையும் காற்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து!