பிரஷர் பார்க்கும்போது பேசாதீர்கள்

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டுகிறோம். பட்டை இறுகும்போதே நேற்றிரவு தூக்கம் வராத கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறோம். அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் எண்ணில் பாதி நம் அவசரம்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக்குழாயில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளரும்போது இருப்பது கீழ் எண். இந்த அழுத்தம் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தூக்கத்தில் இறங்கும், விடியும்போது ஏறும். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள்.

பார்ப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும். கை தொங்கினாலும் அளவு கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் கூடும். சந்தேகம் வந்தால், “கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பாருங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று நோயாளி பயப்படுவது அநியாயம்.

உப்பு அழுத்தத்தை ஏற்றும் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று ஈடுகட்டினால் என்ன பயன்? இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். பலர் கவனிக்காதது வலி மாத்திரை. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்குளோஃபினாக், இபுபுரூஃபன் வகைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதைவிட ஆபத்து, “நார்மல் ஆயிடுச்சு” என்று மாத்திரையை நிறுத்துவது. நார்மல் ஆனதே பெரும்பாலும் மாத்திரையால்தான். அம்லோடிபினால் கால் வீங்கினாலோ, எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்; மாற்று மருந்துகள் இருக்கின்றன. செலவுதான் தடை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்மாத்திரைகள் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். தனியாரிடம் போகிறவர்கள், பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான நெறிமுறை விதிகளே அதை வலியுறுத்துகின்றன. விலை குறைந்த மக்கள் மருந்தகத்தில் வாங்க அது உதவும்.

கர்ப்பிணிகளுக்கு 140/90 என்றாலே அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும். அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மூளை இரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும்.