தொப்புளைச் சுற்றி 14 ஊசி!

திண்டுக்கல் அருகே அய்யலூர்ச் சந்தையில் ஆட்டைக் கறிக்கு வாங்குவார்கள், வளர்க்க வாங்குவார்கள். மருந்துக்காகவும் ஆடு உயிர் கொடுத்தது தெரியுமா?

"நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? அந்த மருந்து ஆட்டு மூளையில் செய்தது!

நீலகிரி மலையில், குன்னூரில், 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. அங்கே ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை ஏற்றுவார்கள். நோய் முற்றியதும் ஆட்டைக் கொன்று மூளையை எடுப்பார்கள். கிருமியைச் சாகடித்து ஊசி மருந்து ஆக்குவார்கள்.

பாவம்தான். ஆனால் வெறிநோய் வந்துவிட்டால் மனிதன் பிழைப்பது அரிது. பிள்ளை பிழைக்க ஆடு செத்தது.

அந்த மருந்திலும் ஆபத்து உண்டு. மூளைச் சதை ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று.

1962-ல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்தார்கள். அவை இன்றும் பெருகுகின்றன. அவற்றிலேயே கிருமியை வளர்த்து மருந்து செய்யும் வழி பிறந்தது. குன்னூரும் மாறியது. 2004-ஓடு இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து நின்றது.

இப்போது நாலைந்து தடவை போய், கையில் போட்டுக்கொண்டால் போதும். ஆடும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தது! மருந்தைச் சோதிக்க மட்டும் சுண்டெலிகள் சாகின்றன. அதற்கும் மாற்று தேடுகிறார்கள்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.