சமூகத் தோட்டங்களும் நிலப் பயன்பாட்டு விதிகளும்

சமூகத் தோட்டம் என்பது ஒரு பகுதியில் வாழும் மக்கள் பொதுவான ஒரு நிலத்தில் சேர்ந்து கீரை, காய்கறி, மூலிகை, பூச்செடிகள் போன்றவற்றை வளர்க்கும் இடமாகும். தமிழ்நாட்டின் நகரமைப்பு விதிகளில் இதற்கெனத் தனி நிலப் பயன்பாட்டு மண்டலம் இல்லை. பூங்கா, திறந்தவெளி, வேளாண்மை, கடலோரப் பகுதி ஆகியவற்றுக்கான விதிகளே இதற்கும் பொருந்துகின்றன. இதனால் பல இடங்களில் தோட்டம் போடத் தடை இல்லை. ஆனால் அந்தத் தோட்டம் நிலைத்திருக்குமா என்பது, நிலம் ஆவணங்களில் எப்படிப் பதிவாகியுள்ளது என்பதைப் பொறுத்தது. தாம்பரம் முதல் கோவளம் வரை மனைப்பிரிவுகள் பெருகிவரும் சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் இது முக்கியமான கேள்வியாகும்.

சட்ட அடிப்படை

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 நிலப் பயன்பாட்டுத் திட்டங்களுக்கு அடிப்படையாகும். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு போன்ற மண்டலங்களாக அது நிலத்தைப் பிரிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மாநகராட்சி முதல் ஊராட்சி வரை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பொதுவானவை. எனவே தாம்பரம் மாநகராட்சிக்கும் கோவளம் ஊராட்சிக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே.

திறந்தவெளி ஒதுக்கீடு

புதிய பொது நிலம் உருவாவதற்கான முக்கிய வழி திறந்தவெளி ஒதுக்கீடு ஆகும். பேச்சுவழக்கில் இது ஓ.எஸ்.ஆர். நிலம் எனப்படுகிறது. இடத்தின் பரப்பளவைப் பொறுத்து விதி மாறுகிறது:

- 3,000 சதுர மீட்டர் வரை: ஒதுக்கீடு தேவையில்லை.
- 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை: சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும். அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தவும் வழி உண்டு.
- 10,000 சதுர மீட்டருக்கு மேல்: 10 விழுக்காடு நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைப்பது கட்டாயம்.

எடுத்துக்காட்டாக, 12,000 சதுர மீட்டர் மனைப்பிரிவில் சாலைகளுக்கு 2,000 சதுர மீட்டர் போனால், மீதியில் 10 விழுக்காடான 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட், பொது நிலமாகும். ஒரு பூங்காவும் அதன் ஓரத்தில் காய்கறிப் பாத்திகளும் அமைய இது போதும். நடுத்தர அளவுள்ள மனைப்பிரிவுகள் பணம் கட்டிவிட்டால் அந்தப் பகுதிக்குள் நிலம் ஏதும் மிஞ்சாது.

இந்த ஒதுக்கீட்டு விதியை எதிர்த்த வழக்கில், விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

ஒப்படைக்கப்பட்ட நிலத்தின் உரிமை உள்ளாட்சி அமைப்பிடம் இருக்கும். பராமரிப்பைக் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கொடுத்தாலும் உரிமை மாறாது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அவற்றிடம் இருந்த இத்தகைய நிலங்களின் பொறுப்பும் மாநகராட்சிக்கு வந்தது.

கடலோர விதிகள்

கோவளம் வங்கக் கடலோர ஊர் என்பதால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் அங்கு பொருந்தும். 2011ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஊரகக் கடலோரங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதியாகும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது.

இப்பகுதியில் புதிய கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. எனினும் வேளாண்மை, தோட்டக்கலை, தோட்டங்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவை இரண்டு அறிவிக்கைகளிலும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளே. வீடு கட்ட முடியாத இடத்தில் கீரைப் பாத்தி போடலாம்.

தண்ணீருக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2011 அறிவிக்கையின்படி 200 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில், வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும், குடிநீர், தோட்டக்கலை, வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றுக்காகச் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் நீர் இறைக்கலாம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாகிவிடும் என்பதே இதன் காரணம்.

பாதுகாப்பு

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1959 அரசு ஏற்ற பட்டியலில் உள்ள இடங்களை உரிய முன் அனுமதியின்றி வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்காக ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1991இல் உறுதிசெய்தது. நகரத்துக்குத் திறந்தவெளி தரும் சுற்றுச்சூழல் பயனை அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

தனியார் காலி மனையில் உரிமையாளரின் வாய்மொழி இசைவுடன் நடக்கும் தோட்டத்துக்கு இப்பாதுகாப்பு கிடையாது. மனை விற்கப்பட்டால் தோட்டமும் முடிந்துவிடும். ஆகவே தோட்டம் தொடங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடம் பூங்கா எனக் குறிக்கப்பட்டுள்ளதா, தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்பதைப் பார்ப்பது அவசியம். பதிவு விவரத்தை வில்லங்கச் சான்றில் காணலாம்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்களுக்குத் தோட்டத் துண்டுகள் வழங்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் 2007இல் நகர்ப்புறத் தோட்டங்களுக்கெனத் தனி மண்டலம் உருவாக்கியது. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் சமூகத் தோட்டத் திட்டத்தை நடத்துகிறது. இவற்றுள் கிளீவ்லாந்தின் முறையில் தோட்டம் என்பதே நிலத்தின் சட்டப் பெயராகிறது. தமிழ்நாட்டில் இப்போதைக்கு அந்தப் பாதுகாப்பைத் தருவது பூங்கா அல்லது திறந்தவெளி என்ற பதிவே.