இரண்டு கிலோ கடன்

டீ ஆறுவதற்குள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் இரண்டு கிலோ விதைநெல் வாங்கினால், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நடத்திவந்த நெல் திருவிழாவில் இதுதான் நிபந்தனை.

நூற்றுக்கு நூறு வட்டியா என்று பதற வேண்டாம். ஒற்றை நாற்று நடவில் ஒரு ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும். களத்துக்கு வருவதோ நூற்றுக்கணக்கான கிலோ. அதில் நான்கு கிலோ குறைந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, விதையை ஏன் கடனாகச் சுற்றில் விட வேண்டும்? ஓரிடத்தில் பத்திரமாகப் பூட்டி வைக்கக் கூடாதா? கூடாது. குதிரில் கிடக்கும் நெல்லுக்கு ஓரிரு வருஷத்தில் முளைப்புத்திறன் போய்விடும். மண்ணில் விழுந்துகொண்டே இருந்தால்தான் ரகம் பிழைக்கும். ஒருவர் வயலை வெள்ளம் கொண்டுபோனாலும் அதே ரகம் இன்னொருவர் வயலில் நிற்கும். ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது இந்த வழியில்தான். 2018 டிசம்பரில் அவர் காலமானார்.

நான்கு கிலோவோடு வருகிறவர் சேதியும் கொண்டுவருவார். உவர் நிலத்தில் குழியடிச்சான் எப்படி வந்தது, ஆளுயரம் தாண்டிய காட்டுயானம் எத்தனை நாள் தண்ணீரில் நின்றது, யூரியா போட்டதும் மாப்பிள்ளைச் சம்பா எப்படிச் சாய்ந்தது என்று பேச்சு நீளும். வயலில் கலந்து முளைத்த வேற்று ரகப் பயிரைப் பிடுங்காமல் விதை கொடுத்தால் அடுத்தவர் வயலில் குட்டு வெளிப்பட்டுவிடும். சாமியானா போட்டு நடத்தும் எந்தப் பயிற்சி முகாமும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

விளைந்ததை விற்பதுதான் பாடு. பத்து மூட்டைக்காகப் பெரிய ஆலை ஓடாது. கொள்முதல் நிலையத்தில் பாரம்பரிய ரகம் என்று சொல்லித் தனி விலை கேட்கவும் முடியாது. நகரத்துக்காரர்கள் கைகொடுக்க வேண்டிய இடம் இது. தெருவில் பத்து வீடு சேர்ந்து, நாற்று விடும்போதே வருஷத்து அரிசிக்கு ஒரு விவசாயியிடம் முன்பணம் கொடுக்கலாம். ஜப்பானில் 1970-களிலேயே 'தெய்கெய்' என்ற பெயரில் இப்படி விவசாயிகளோடு கைகோத்தார்கள். முன்பணம் கையில் இருந்தால் நகையை அடகு வைக்காமல் நடவு முடியும்.

புயலில் பயிர் போனால் நட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பதாக இருந்தால் அது இன்னொரு கடன். அது விவசாயியிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.